தேடினால்தான் கிடைக்கும் கிருமி

பல் பிடுங்கப் போன இடத்தில் கிருமி ஏறி, அது மூளை வரைக்கும் போய் ஆளே போய்விட்டார் என்று சொன்னால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். ஆனால் நடந்தது. 2022 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் நடுவில் திருப்பத்தூர் மாவட்டத்திலும் அக்கம்பக்கத்திலுமாக 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் வந்தது, அது மண்ணில் வாழும் ஒரு கிருமியால் வரும் நோய். அதில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்கள், அந்தப் பத்தில் 8 பேர் பிழைக்கவில்லை. வேலூர் சிஎம்சி, சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து துப்புத் துலக்கி 2025ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சந்தேகம் கடைசியில் போய் நின்ற இடம் ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்க ஒரு கருவி வைத்திருப்பார்கள், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அதைக்கொண்டே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள், அப்புறம் லேசாக மூடி வைத்து அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதிலிருந்தே ஊற்றியிருக்கிறார்கள்.

செய்தி வந்தபோது எல்லாரும் அந்த 8 என்ற எண்ணைத்தான் பேசினார்கள், அது நியாயம்தான். எனக்கு அதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது: இது மெலியோய்டோசிஸ் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குளறல், பார்வை மங்கல் என்று வரும் ஆளுக்கு நம் ஊரில் முதலில் தோன்றும் பெயர்கள் வேறு. டிபி மூளைக்காய்ச்சலாக இருக்கும், வைரஸாக இருக்கும், பக்கவாதமாக இருக்கும். மெலியோய்டோசிஸ் என்று சொல்ல அந்தக் கிருமியை ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒரு லேப் வேண்டும். வேலூரில் அது இருந்தது. 1996லேயே சிஎம்சிக்காரர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இந்த நோயைப் பற்றி எழுதி, நாம் பார்ப்பது பனிப்பாறையின் நுனிதானா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். இதே மாதிரி நோயாளிகள் அப்படிப்பட்ட லேப் இல்லாத மாவட்டத்தில் வந்திருந்தால், பத்துப் பேரும் பத்து வெவ்வேறு காரணத்தால் போனதாகத்தான் பதிவாகியிருக்கும்.

சரி, கிருமிக்கு வருவோம். பர்கோல்டேரியா சூடோமாலி என்பது பெயர், வாயில் நுழைய நேரமாகும். குடியிருப்பது மண்ணில், அதுவும் நெல் வயல் மாதிரி ஈரம் தங்கும் மண்ணில். மழை பெய்து தண்ணீர் மட்டம் ஏறும்போது மேலே வரும். காலில் இருக்கும் வெட்டு, கீறல், சேற்றுப்புண் வழியாக உள்ளே போகும், சுட வைக்காத தண்ணீரைக் குடித்தாலும் போகும், புயல்மழையில் காற்றோடு பறக்கும் நீர்த்திவலையை மூச்சில் இழுத்தாலும் போகும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. உள்ளே போன எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. தாய்லாந்தின் வடகிழக்கில் குழந்தைகளுக்கு நாலு வயது ஆவதற்குள்ளேயே 80% பேரின் ரத்தத்தில் இதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது, அதாவது எல்லாரும் கிருமியைச் சந்தித்துவிட்டார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. (அதனால்தான் அந்தப் பக்கங்களில் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து நோயைச் சொல்ல முடியாது.) யாருக்கு ஆகிறது என்றால், முதல் இடத்தில் சர்க்கரை நோயாளிகள். உலகெங்கும் வரும் நோயாளிகளில் பாதிக்குமேல் சர்க்கரை உள்ளவர்கள். அப்புறம் சிறுநீரகம் கெட்டவர்கள், அதிகமாகக் குடிப்பவர்கள்.

உடம்புக்குள் போய் இது எடுக்கும் வேஷங்கள் சொல்லி மாளாது. நுரையீரலில் உட்கார்ந்தால் நிமோனியா மாதிரி, மெதுவாகப் போனால் அச்சு அசல் டிபி மாதிரி. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தேன்கூடு மாதிரி சீழ்க்கட்டிகள். தாய்லாந்துக் குழந்தைகளுக்கு காதுக்குக் கீழே எச்சில் சுரப்பி வீங்கிச் சீழ் கட்டும், அம்மைக்கட்டு என்று நாம் நினைத்துவிட்டுப் போகக்கூடிய வீக்கம். ஆஸ்திரேலியாவில் ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் கட்டி. சிலருக்கு ஒரே ராத்திரியில் ரத்தம் முழுக்கப் பரவி இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்துப் புண்ணாக வெளியே வந்ததாக மருத்துவ இதழில் பதிவே இருக்கிறது.

இதை முதலில் பிரித்துக் காட்டியது ரங்கூனில். 1911 வாக்கில் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற நோய்க்குறியியலாளரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து ரங்கூன் பாதி இந்திய ஊர் என்பது தெரியும்தானே, அதனால் அந்தப் பெயர் அங்கே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தெருவோரத்து ஏழைகள், மார்ஃபின் ஊசிக்கு அடிமையானவர்கள் என்று வந்த உடல்களின் நுரையீரலில் பாலாடைக்கட்டி மாதிரித் திரண்ட பகுதிகளும், வேறு உறுப்புகளில் சீழ்க்கட்டிகளும் இருந்தன. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மாதிரி இருந்தது. ஆனால் எடுத்து வளர்த்த கிருமி நீந்தியது. கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. அதோடு இது கிளாண்டர்ஸ் கிருமியைவிட வேகமாகவும் தாராளமாகவும் வளர்ந்தது. 1912ல் இருவரும் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார்கள், இதுவரை யாரும் சொல்லாத ஒரு தொற்றுநோய் என்று. பின்னாளில் நோய்க்கு விட்மோர் பெயரும் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமியின் பெயர் ஒட்டவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கண்டுபிடித்த நாட்டிலேயே அது பிறகு காணாமல் போனது. பர்மாவில் பல பத்தாண்டுகளுக்கு உள்ளூர் நோயாளிகள் பற்றிப் பதிவே கிட்டத்தட்ட இல்லை. வயலும் அதேதான், மழையும் அதேதான், ஜனங்களும் வெறுங்காலோடு இறங்குவதை நிறுத்திவிடவில்லை. லேப்கள்தான் நின்றுபோயின.

இங்கேதான் பாங்காக்கின் மகிடோல் பல்கலைக்கழகம் கதைக்குள் வருகிறது. அங்கே வெப்பமண்டல மருத்துவத்துக்கென்று ஒரு தனிப் புலத்தை 1960ல் தொடங்கினார்கள். 1979ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து அதே வளாகத்தில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவை வைத்தன. இந்தப் பிரிவின் பெரிய புகழ் மலேரியாவில். குவினினை ஓரம்கட்டிவிட்டு, கடும் மலேரியாவுக்கு உலகம் முதலில் எடுக்கும் மருந்தாக ஆர்ட்டிசுனேட் ஊசியை ஆக்கிய 2005, 2010 ஆய்வுகளுக்குப் பின்னால் இவர்கள்தான் இருந்தார்கள், அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். மெலியோய்டோசிஸுக்காக அவர்கள் போய் உட்கார்ந்த ஊர் உபோன் ராட்சதானி. பெயரை உடைத்துப் பார்த்தால் தாமரை ராஜதானி. லாவோஸ் எல்லையை ஒட்டிய வடகிழக்குத் தாய்லாந்து, அந்தப் பிரதேசத்துக்கே ஈசான் என்றுதான் பெயர், நம் வாஸ்துக்காரர்கள் சொல்லும் அதே ஈசானிய மூலை. மணல் கலந்த, சத்து செத்த மண். மழையை நம்பி ஒரு போகம் நெல். சத்து இல்லாத மண்ணில்தான் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம் என்பதையும் பிற்பாடு அந்த மண்ணைத் தோண்டித்தான் தெரிந்துகொண்டார்கள், மற்ற நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்காத இடத்தில் இது பிழைத்துக்கொள்கிறது.

உபோனில் இருக்கும் சப்பாசித்திபிரசோங் என்ற பெரிய அரசு மருத்துவமனையில் 1980களின் நடுவில் வேலை தொடங்கியது. காய்ச்சலோடு ரத்தம் கெட்டு வருபவர்கள் எல்லாருக்கும் ஒழுங்காக ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். வந்த விடை: ஊரிலிருந்து ரத்தத் தொற்றோடு வருகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கிருமி. அதுவரை உலகம் இதை வியட்நாம் போருக்குப் போய்வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் விசித்திர நோயாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது கொடுத்துக்கொண்டிருந்த மருந்து குளோரம்ஃபெனிகால், டாக்சிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் எல்லாம் கலந்த பழைய கூட்டு. கடுமையாக நோய்ப்பட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். நிக்கோலஸ் வைட், விபாதா சவோவகுல் முதலானவர்கள் செஃப்டாசிடிம் என்ற ஊசியைப் பழைய கூட்டோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1989ல் லான்செட்டில் வந்தது. பழைய மருந்தில் இறப்பு 74%, புதியதில் 37%. சரிபாதி. ஒரு தாலுகா அளவு ஊரில், வயலிலிருந்து நேராக வரும் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, இன்றைக்கு வரைக்கும் உலகம் முழுக்க மெலியோய்டோசிஸுக்கு எடுக்கும் முதல் ஊசி அதுதான். குறைந்தது பத்துப் பதினாலு நாள் ஊசி, அப்புறம் சுமார் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. அந்த மாத்திரையோடு டாக்சிசைக்ளினும் தேவையா என்று மறுபடி 626 பேரை வைத்து ஆய்வு செய்து, தேவையில்லை என்று 2014ல் சொன்னார்கள். ஒரு மாத்திரை குறைந்தது என்பது கேட்க அற்பமாக இருக்கும், மாதக்கணக்கில் விழுங்கி வாந்தியெடுத்தவர்களைக் கேட்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்பி வரும், இரண்டாம் முறை வருவது முதல் முறையைவிடச் சாதுவாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மருந்துக்கு இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனால் என்னைக் கேட்டால் உபோனின் பெரிய காரியம் மருந்து இல்லை, தட்டு. லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டைச் சொல்கிறேன்.

சளி, சீழ், தொண்டைச் சாம்பிள் இதையெல்லாம் சாதாரணத் தட்டில் போட்டால் வாயிலும் தோலிலும் இருக்கும் நூறு கிருமிகள் முந்திக்கொண்டு வளரும், இது மெதுவாக வருவதற்குள் தட்டு குப்பைக்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரத்து லெஸ்லி ஆஷ்டவுன் 1979ல் இதற்கென்றே ஒரு தட்டு செய்தார், அதில் ஜென்டாமைசினும் கிரிஸ்டல் வயலட் சாயமும் கலந்திருக்கும். ஜென்டாமைசினில் மற்றவை சாகும், இது சாகாது. இரண்டு மூன்று நாளில் ஊதா நிறத்தில், காய்ந்து சுருக்கம் விழுந்த வட்டங்கள் தெரியும். மண் வாசனை அடிக்கும் என்பார்கள், ஆனால் முகர்ந்து பார்க்கக் கூடாது, லேபில் மூச்சோடு உள்ளே போனவர்களும் உண்டு. அமெரிக்கா இதை உயிரி ஆயுதமாகப் பயன்படக்கூடிய கிருமிகளின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது.

மகிடோல் பிரிவின் நுண்ணுயிரியலாளர் வனபோர்ன் வுத்திஏகானுன் போன்றவர்கள் செய்தது, இந்தத் தட்டுகூட இல்லாத லேபுக்கும் ஒரு வழி. ரத்தத்திலிருந்து ஒரு கிருமி வளர்ந்திருக்கிறது, கிருமிகளை வகை பிரிக்க லேபில் வழக்கமாகச் செய்யும் இரண்டு சோதனைகளில், கிராம் சாயத்தில் சிவப்பாக இருக்கிறது, ஆக்சிடேஸ் சோதனையில் ஊதாவாக மாறுகிறது என்று வையுங்கள். வழக்கமாக லேப் டெக்னீசியன் இதை அடிக்கடி தென்படும் சூடோமோனாஸ் இனத்துக் கிருமி ஏதோ ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார், அவரையும் குற்றம் சொல்ல முடியாது, காலையில் ஐம்பது தட்டு காத்திருக்கும். லட்ச லட்சமாய்க் கொடுத்து வாங்கிய தானியங்கி இயந்திரமே இதை இதன் பங்காளிக் கிருமியின் பெயரில் தவறாகச் சொல்வதுண்டு. அந்த இடத்தில் மூன்று சின்ன மருந்துத் தாள் வில்லைகளைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள்: ஜென்டாமைசின், கோலிஸ்டின், கோ-அமாக்சிக்ளாவ். முதல் இரண்டைச் சுற்றியும் கிருமி ஒட்டி வளர்ந்து, மூன்றாவதைச் சுற்றி மட்டும் வளராமல் வட்டம் விழுந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். இதில் கோலிஸ்டின் என்பது மற்ற மருந்துக்கெல்லாம் மசியாத கிருமிக்குக் கடைசியில் எடுக்கும் ஆயுதம், அதற்குப் பயப்படாத ஒரு கிருமி அமாக்சிசிலின் குடும்பத்து மருந்துக்குப் பணிகிறது என்றால் அது ஊருக்குள் வழக்கமாகச் சுற்றும் ஆள் இல்லை. மூன்று வில்லைக்கு ஆகும் செலவு சில ரூபாய்.

இதே ஆட்கள் 1994ல் காய்ச்சி வடித்த தண்ணீரில் இந்தக் கிருமியைப் போட்டு மூடி வைத்தார்கள். உணவு இல்லை, உப்பு இல்லை, வெறும் தண்ணீர். 16 வருஷம் கழித்துத் திறந்து பார்த்தபோது உயிரோடு இருந்தது. அந்த வாணியம்பாடி சலைன் பாட்டிலைப் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் உடனே ஞாபகம் வந்தது. நமக்குச் சுத்தமாகத் தெரியும் தண்ணீர் அதற்கு ஒரு பிரச்சினையே இல்லை. 2021ல் அமெரிக்காவில் நாலு மாநிலங்களில் நாலு பேருக்கு, யாரும் வெளிநாடு போகாமலே, இந்த நோய் வந்து இரண்டு பேர் இறந்தார்கள், தேடிப் பார்த்ததில் இந்தியாவில் தயாரான ஒரு வாசனை ஸ்பிரேயில் கிருமி இருந்தது. லாவெண்டர் வாசனைக்குள்ளும் அது பத்திரமாக அமெரிக்கா போய்ச் சேர்ந்திருக்கிறது.

லேப் வந்தால் நோய் வரும் என்பதற்கு லாவோஸைவிட நல்ல உதாரணம் கிடையாது. உபோனிலிருந்து எல்லையைத் தாண்டினால் லாவோஸ், அதே மண், அதே நெல். ஆனால் 1999க்கு முன்னால் அங்கே மெலியோய்டோசிஸ் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வியன்டியான் நகரத்து மகோசோட் மருத்துவமனையில் இதே மகிடோல்-ஆக்ஸ்ஃபோர்டு வட்டத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளூர் டாக்டர்களோடு சேர்ந்து ரத்தக் கல்ச்சர் செய்ய ஆரம்பித்தார்கள், முதல் நோயாளி 1999ல் கிடைத்தார், அதற்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேல். 2016ல் மகிடோல் பிரிவைச் சேர்ந்த டிரெக் லிம்மதுரோட்சகுல் தலைமையில் மண், மழை, பதிவான நோயாளிகள் எல்லாவற்றையும் வைத்து ஓர் உலகக் கணக்கு போட்டார்கள்: ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு நோய், சுமார் 89,000 சாவு. இது மதிப்பீடுதான், தலை எண்ணியது கிடையாது. அந்த மதிப்பீட்டில் பெரிய பங்கு தெற்காசியாவுக்கு, அதாவது நமக்கு. நம் ஏட்டில் இருக்கும் எண்ணிக்கையோ அதன் பக்கத்தில்கூட வராது.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா என்றால், டார்வின் நகரத்தைப் பாருங்கள். வட ஆஸ்திரேலியாவில் மென்சீஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் பார்ட் கரி 1989 அக்டோபரிலிருந்து அங்கே வரும் ஒவ்வொரு நோயாளியையும் விடாமல் எழுதி வந்தார். 30 வருஷத்தில் 1,148 பேர். முதல் ஐந்து வருஷத்தில் இறப்பு 31%, கடைசி ஐந்து வருஷத்தில் 6%. அதே கிருமிக்கு வடகிழக்குத் தாய்லாந்தில் 40% வரை போகிறது. மருந்து இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சீக்கிரம் கண்டுபிடிப்பதும், தீவிர சிகிச்சைப் படுக்கை கிடைப்பதும்தான் வித்தியாசம். உபோனில் நோயாளி எல்லாவற்றுக்கும் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும்போது நேரம் போயிருக்கும், கல்ச்சர் முடிவு வருவதற்கு முன்பே பலர் போய்விடுவார்கள். அந்தக் கல்ச்சரும் சுமார் 60% நோயாளிகளைத்தான் பிடிக்கும் என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள், மீதிப் பேருக்குக் கிருமி உள்ளே இருந்தும் தட்டில் வராது. மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி நம் பக்கம். இந்தியாவில் இதற்கு விடாமல் வேலை செய்பவர்களில் வேலூரும், கர்நாடகக் கரையோரத்து மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியும் முன்னால் நிற்கின்றன. இலங்கையில் 1927லேயே ஒரு நோயாளி பதிவாகியும் ரொம்ப காலம் இது வெளியூர் நோயாகத்தான் இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்காரர்கள் 2006க்குப் பிறகு மற்ற மருத்துவமனை லேப்களையும் சேர்த்துக்கொண்டு தேட ஆரம்பித்ததும் நூற்றுக்கணக்கில் தெரிய வந்தது. மறுபடியும் லாவோஸ் கதைதான். நெல், மழை, சர்க்கரை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது நம் ஊர்களில் எவ்வளவு சாதாரணம் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதம், அதில் பித்தவெடிப்பு, அந்தக் காலோடு நடவு. டிபி மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டும் சரியாகாத, சளியில் டிபி கிருமியே தெரியாத ஆளுக்கு இதையும் ஒருமுறை பார்க்கலாமே என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை, குறிப்பாக மழைக்காலத்தில் தொடங்கிய காய்ச்சலாக இருந்தால்.

வராமல் தடுக்கத் தடுப்பூசி இல்லை. உபோன்காரர்கள் நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் வைத்து அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து, வயலில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், மழையில் நனைந்தபடி வேலை செய்யாதீர்கள் என்று பரிந்துரை எழுதினார்கள். அப்புறம் ஊர் ஊராகப் போய் ஏன் பூட்ஸ் போடுவதில்லை என்று கேட்டார்கள். சூடாக இருக்கிறது, கனக்கிறது, சேற்றில் கால் வைத்தால் பூட்ஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வருகிறது என்றார்கள் விவசாயிகள். முழங்கால் அளவு சேற்றில் குனிந்து பின்னால் நகர்ந்தபடி நாற்று நடுகிற நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும், கூடவே ஒரு சிரிப்பும் வரும்.